வாழை போன மலை

வெள்ளி, தென்கரை

மதுரையில் கல்யாண வீட்டுக்கு வெற்றிலை வாங்கப் போனால், கடைக்காரர் நாம் கேட்காமலே "சோழவந்தான் வெத்தலைங்க" என்பார். அந்தப் பெயருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. சரி, பெயர் பத்திரமாக இருக்கிறது, கொடிக்கால் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று காலை ரயிலில் ஏறி சோழவந்தானில் இறங்கி, வைகைப் பாலம் தாண்டித் தென்கரைக்கு வந்தேன்.

வழியெல்லாம் தென்னை. வெற்றிலையைப் பார்க்க ஆள் வைத்து விசாரிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் வரப்பு வழி காட்டினார்.

கொடிக்காலுக்குள் நுழைந்ததும் வெயில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. நெருக்கி நட்ட அகத்தி மரங்கள், ஒவ்வொன்றிலும் கோரையால் கட்டி ஏற்றிய வெற்றிலைக் கொடி, இடையில் ஒரு ஆள் மட்டும் குனிந்து போகிற அளவு சந்து, கூடவே ஈரம் வற்றாத வாய்க்கால். முதலில் அகத்தி விதைத்து அது வளர்ந்த பிறகுதான் கொடி நடுவார்கள். கொடி உயரமாகப் போனால் இறக்கி, மண்ணில் பதித்து, மறுபடி ஏற்ற வேண்டும். அகத்தியைக் கழித்து நிழலை அளந்து விட வேண்டும். இலை கிள்ள வேண்டும், அடுக்க வேண்டும், நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்ட வேண்டும். தண்ணீர் ஒருநாள் பிந்தினாலும் இலையில் தெரிந்துவிடும்.

கொடிக்கால்காரருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். பேசிக்கொண்டே இலை எடுத்தார். கட்டைவிரல் நகம் கறுத்துத் தடித்திருந்தது. காம்பை ஒடிக்கும் 'டிக்' சத்தம் பேச்சுக்கு நடுவில் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் பூராம் ஒட்டி ஒட்டிக் கொடிக்கால் தம்பி. இப்ப எங்களோடது ஒண்ணும், அந்தக் கடைசில ஒண்ணும் நிக்கிது."

ஏன் என்று கேட்டால் ஒரு காரணமாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். வாடல் நோய் என்கிறார். ஆள் கிடைப்பதில்லை என்கிறார். "வெத்தலை போடுற அப்பத்தாமாரெல்லாம் போய்ச் சேந்துட்டாங்க, பேரன் பாக்குப் பொட்டலத்தைக் கிழிச்சு வாயில போடுறான்" என்று சிரிக்கிறார். எல்லாமே உண்மைதான். ஆனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு வேறொன்று வந்தது. இங்கே பெரும்பாலும் குத்தகைக் கொடிக்கால்தான். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. நிலத்துக்காரர் பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, தினம் வந்து பார்க்க வேண்டாத பயிர் எது என்று யோசித்துத் தென்னையை வைத்துவிட்டார்கள். தென்னைக்கு நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு. ஒரு மரமேறி, காய் பொறுக்க இரண்டு பேர், ஒரு லாரி. அவ்வளவுதான். தினமும் பத்துப் பேர் வேலை செய்த நிலத்தில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறைதான் ஆள் நடமாட்டம்.

நிலத்துக்காரருக்கு இது பயிர் மாற்றம். குத்தகைக்காரருக்கும் இலை அடுக்கின பெண்களுக்கும் இதற்கு என்ன பெயர்?

அந்தப் பெண்களில் ஒருவரை மதியம் வாடிப்பட்டி போகிற வழியில், ஒரு தேங்காய்க் களத்தில் பார்த்தேன். வாடிப்பட்டி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தேங்காயும் கொப்பரையும் ஏலம் போகும் என்பதால் சுற்றிலும் களங்கள் உண்டு. உரித்த காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "கொடிக்கால்ல நிழல்ல உக்காந்து பாத்த வேலைங்க. இது வெயிலு. நூறு நாள் வேலை இருந்தா அங்க போயிருவேன், இல்லாட்டி இங்க" என்றார். மகள் மில் வேனில் போகிறாள். மகன் திருப்பூரில். அகத்திக்கீரை இப்போது விலைக்கு வாங்குகிறாராம். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

சனி, சிறுமலை

திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் சிறுமலை 25 கிலோமீட்டர். 18 கொண்டை ஊசி வளைவு. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்திப் பிடித்தார். எதிரே வந்ததெல்லாம் மதுரைப் பதிவெண் கார்கள்தான். சனிக்கிழமை இல்லையா.

மதுரைக்காரர்களுக்குச் சிறுமலை என்றால் வாழைப்பழம். எங்கள் வீட்டில் தாத்தா யானைக்கல் பக்கம் போனால் தோல் கறுத்த, தடித்த, குட்டையான பழச் சீப்பைத்தான் எடுத்து வருவார். பார்க்க அழகாக இருக்காது. உள்ளே சதை கெட்டியாக, நீர் குறைவாக, வாசமாக இருக்கும். அந்த நீர் குறைவுதான் அதன் பெருமையே. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு மலை வாழையைத் தேடி வாங்கியதும் அதனால்தான், நாள்பட வைத்தாலும் கெடாது. பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

புதூரில் இறங்கி டீ குடித்தேன். கடை வாசலில் தொங்கின தார் பூவன். கீழே இருந்து வந்ததாம்! மலை வாழை கேட்டேன். "நாளைக்கு வந்தா ரெண்டு சீப்பு எடுத்து வைக்கிறேண்ணே" என்றார் கடைக்காரத் தம்பி.

கடையில் இருந்த பெரியவர் ஒருவர்தான் கதையை ஆரம்பித்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் வாலிபர். மலை முழுக்க வாழை. பாசனம் கிடையாது, மானாவாரி. காட்டு மர நிழலில், சரிவில் வைத்துவிட்டால் பக்கக்கன்று விட்டு விட்டு வருடக்கணக்கில் காய்க்கும். வெட்டின தார்களைக் குதிரையில் ஏற்றிக் கீழே இறக்குவார்கள்.

"ஒரு வருசம் பாத்தா தோட்டத்துல அங்கங்க வாழை வளராம நின்னுச்சு. இலை சின்னதா, நேரா மேல பாத்து, எல்லாம் உச்சில சேந்து ஒரு கொத்தா. தார் போடாது. போட்டாலும் வெரல் தண்டிதான் காய். நாங்க உரம் பத்தலைன்னு நெனச்சோம்."

முடிக்கொத்து நோய். வைரஸால் வருவது. இலைக் காம்பிலும் நடு நரம்பிலும் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தெரியும், அதுதான் முதல் அடையாளம். அசுவினி என்கிற சின்னப் பூச்சி ஒரு வாழையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். ஆனால் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு அதைத் தூக்கிப்போனது பூச்சி இல்லை, கன்று. நல்ல தோட்டத்துக் கன்றைச் சொந்தக்காரனுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் கொடுப்பதுதானே வழக்கம். வெளியே ஒன்றும் தெரியாத கன்றுக்குள் நோய் இருந்தது. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

எழுபதுகளில் கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலுமாகச் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலை வாழை, பிற்பாடு 2,000 ஹெக்டேர் அளவுக்கு இறங்கியது. கீழ்ப்பழனியில் தடியன்குடிசையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு அதை மீட்கப் பல வருடம் மெனக்கெட்டது. மீண்டும் வாழை வைத்தவர்கள் உண்டு. ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர் நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு அழிக்காமல் விட்டால் நம் தோட்டத்துக்கும் வரும். ஊரே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஊரே சேர்வது எவ்வளவு சுலபம் என்று கிராமத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாழை போனதும் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கப்பாவுக்கு மூணு ஏக்கர் பட்டா இருந்துச்சு. அதனால நாங்க இருந்தோம். ரெண்டு மூணு வருசம் ரொம்ப கஷ்டம், ஆனா இருந்தோம். காப்பி வச்சாரு, எலுமிச்சை வச்சாரு, மொளகுக்கொடி ஏத்தினாரு. கூலிக்கு வந்த ஆளுக இருந்தாங்கள்ல, அவங்க ஒரு தீபாவளிக்குள்ள எறங்கிட்டாங்க."

"எங்க போனாங்க ஐயா?"

"நத்தம் பக்கம் மாந்தோப்புக்கு. திண்டுக்கல்ல தோல் ஷாப்புக்கு. அப்புறம் மில்லு வந்துச்சு, மில்லுக்கு. யாரு கண்டா."

ராத்திரி இதை எழுதும்போதும் அந்த 'யாரு கண்டா' கூடவே வருகிறது. வாழைக்கு எத்தனை ஹெக்டேர் போயிற்று என்று கணக்கு இருக்கிறது. இறங்கிப்போனவர்கள் எத்தனை பேர் என்று மலையில் யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிறு, பழையூர்ப் பக்கம்

காலையில் ஒரு குதிரைக்காரரோடு நடந்தேன். இன்றைய பொழுது பெரும்பாலும் அவரோடுதான்.

சிறுமலையில் குதிரை என்றால் சவாரிக் குதிரை இல்லை. பொதி சுமக்கிற, இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற மட்டக்குதிரை. இவருடையது அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கியது. ஜீப் போகாத சரிவுத் தோட்டங்கள் இன்னும் நிறைய இருப்பதால் குதிரைக்கு வேலை இருக்கிறது. தை மாதம் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குக் குளிப்பாட்டி, மாலை போட்டு அழைத்துப்போய் மந்திரித்து வருவார்களாம். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீட்டுக் குதிரையானாலும் அன்றைக்கு அங்கேதான்.

நாங்கள் போன தோட்டத்தை வாழைத் தோட்டம், காப்பித் தோட்டம் என்று ஒரு பெயரால் சொல்ல முடியாது. உயரத்தில் சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி. அதற்குக் கீழே பலா, எலுமிச்சை, இரண்டு மூன்று ஆரஞ்சு. இடுப்பளவில் காப்பிச் செடி. ஒரு மூலையில் சவ்சவ் பந்தல். புதிதாக பட்டர் ஃப்ரூட், அது இப்போது நல்ல விலைக்குப் போகிறதாம். ஓரத்தில், மற்றதிலிருந்து தள்ளி, நாலைந்து மலை வாழை. வீட்டுக்கும் சாமிக்கும்.

ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கட்டும் என்று வாழை கற்றுக்கொடுத்த பாடமாக இதைப் பார்க்கலாம். தோட்டக்காரரிடம் அப்படியே சொன்னேன். அவர் அவ்வளவாக ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பிடியெல்லாம் யோசிச்சு வச்சதில்லண்ணே. எந்த வருசம் எந்த வெலை நல்லா இருந்துச்சோ அத வச்சோம். அப்பிடியே சேந்துபோச்சு."

பலா ஏற்றுவதைக் கிட்ட நின்று பார்த்தேன். குதிரை முதுகில் முதலில் சாக்குகளை மடித்து மெத்தை மாதிரி போட்டு, மேலே மரச் சேணம். இரண்டு பக்கமும் கயிறு வலை. காயைக் காம்போடு வெட்டிப் பால் வடியும்வரை கவிழ்த்து வைத்திருந்தார்கள். அப்படியும் கொஞ்சம் வடியும். கயிற்றில் பட்டால் பிசின், குதிரை முடியில் பட்டால் அதைவிட மோசம். அதனால் காம்பு வெளிப்பக்கம் பார்த்தபடிதான் அடுக்குகிறார். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு. பிறகு சேணத்தின் நடுக்கட்டையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். இடப்பக்கம் கனம். வலப்பக்க வலையில் ஒரு கல்லைப் போட்டார். திருப்தியில்லை, அதை எடுத்துவிட்டுக் கொஞ்சம் சின்னக் கல்லாகப் போட்டார். அதற்கப்புறம்தான் வயிற்றுக் கயிற்றை இறுக்கினார். பாரம் ஒருபக்கம் சாய்ந்தால் சரிவில் முதுகு புண்ணாகிவிடும், புண்ணானால் பதினைந்து நாள் வருமானம் போச்சு.

"கல்லுக்கும் கூலி உண்டா?" என்று கேட்டேன். "நடைக்குத்தான் கூலி. கல்லு எங்க கணக்கு" என்றார்.

இவருடைய தாத்தாவும் வாழைத்தார் ஏற்றிய குதிரைக்காரர்தான். நிலம் கிடையாது. வாழை போன பிறகும் இந்தக் குடும்பம் மலையிலேயே தங்க முடிந்ததற்குக் குதிரை ஒரு காரணம்: எந்தப் பயிராக இருந்தாலும் அது கீழே இறங்கியாக வேண்டும். நிலமும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தங்கியவர்கள் இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்று திரும்பி வருகிற வழியில் காட்டினார். வரிசையாகக் காட்டேஜ்கள். கூரை தரைவரை சரிந்து வரும் கண்ணாடி வீடு, நீச்சல் குளம், இரவு நெருப்பு மூட்ட வட்டமாகக் கல். அங்கே வாட்ச்மேன், சமையல், துணி துவைப்பு. "வேலை சுளுவுதான். சனி ஞாயிறு மட்டும் கையக்கால அசைக்க நேரமில்ல. மழைன்னா ஆளு வராது, சம்பளமும் கொறையும்" என்றார் ஒரு வாட்ச்மேன். அவருக்குச் சொந்தமாக வாழை இருந்ததே இல்லை. அவர் அப்பா கூலிக்குத் தார் வெட்டியவர். இப்போது மகன் காவல் காக்கிற இடம், அவர் தார் வெட்டின அதே தோட்டம். அப்போதைய சொந்தக்காரர் கீழ்நாட்டுக்காரர், இப்போதும் கீழ்நாட்டுக்காரர். மலைப் பழங்குடிகளான பளியர் குடும்பங்களின் நிலைமையும் ஏறக்குறைய இதேதான். தேனும் கல்பாசியும் எடுக்கிற நாள் போக மற்ற நாளெல்லாம் யாருடைய தோட்டத்திலாவது கூலி.

காட்டேஜ்களைப் பற்றி எனக்கு இரண்டு மனது. வருமானம் வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு காட்டேஜுக்கும் ஒரு போர்வெல். மானாவாரியாகவே பிழைத்த மலையில் இது எத்தனை நாளைக்கு?

காட்டுமாடு பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். முன்பு இந்த மலையில் இல்லை, இப்போது கூட்டமாக வருகிறது. சவ்சவ் பந்தலைச் சாய்த்துவிட்டுப் போகிறது. காலியாகக் கிடக்கிற தோட்டங்கள் அதற்கு வசதி. சொந்தக்காரர் ஊரில் இல்லாத தோட்டத்தில் புதர் மண்டினால் தொந்தரவு அடுத்த தோட்டக்காரருக்கு. மாலை ஐந்து மணிக்கு மேல் என்னைத் தனியாக நடக்க விடவில்லை.

திங்கள், திண்டுக்கல், ஒத்தக்கடை

முதல் பஸ்ஸில் மூட்டைகளோடு மூட்டையாக இறங்கினேன். திண்டுக்கல்லில் மலைச் சரக்கு வந்து சேருகிற இடத்தைச் சிறுமலை செட் என்பார்கள். எலுமிச்சை, பலா, சவ்சவ் எல்லாம் குவிந்திருந்தன. மலை வாழைக்கு ஒதுங்கின ஒரு மூலை. ஏலம் முடியக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, வாங்க ஆள் காத்திருக்கிறது. இரண்டு சீப்பு வாங்கிக்கொண்டேன். டீக்கடைத் தம்பி எடுத்து வைத்ததாகச் சொன்னது வேறு கதை, நேற்று போனபோது அதையும் யாரோ காட்டேஜ்காரர் வாங்கிப்போயிருந்தார்.

மதியம் ஒத்தக்கடை. உயர் நீதிமன்றக் கிளையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிற நண்பரோடு சாப்பாடு. சிறுமலைக் கதையைச் சொல்லி முடித்ததும் அவர், "நீ பாத்தது பயிர் செத்த கதை. இங்க வந்தது பயிர் உசுரோட இருந்த கதை" என்றார். மாஞ்சோலையைச் சொன்னார்.

திருநெல்வேலி மாவட்டத்தில், மணிமுத்தாறுக்கு மேலே, சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பாம்பே பர்மா நிறுவனம் 8,373 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் உருவாயின. தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள். 1999 ஜூலை 23 அன்று இவர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோதுதான் தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். குத்தகை 2028இல் முடிகிறது. இடம் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். வழக்கு மதுரைக் கிளைக்குத்தான் வந்தது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அதற்கு உத்தரவிட மறுத்துவிட்டது. மறுவாழ்வுக்கான உதவிகளை அரசு செய்ய வேண்டும் என்றது.

அங்கே தேயிலைக்கு நோய் இல்லை. கவாத்து செய்யாமல் விட்டால் மரமாக வளரும், அவ்வளவுதான். காடு காடாகத் திரும்புவதில் எனக்கு வருத்தம் இல்லை, தாமிரபரணிக்கு அது நல்லதுதான். ஆனால் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடு எஸ்டேட்டுடையது. வேலை போன அன்றே வீட்டுக்கும் கெடு வந்துவிடுகிறது. சிறுமலைப் பெரியவரின் அப்பாவுக்கு வாழை செத்தபோது மூன்று ஏக்கர் இருந்தது. காப்பி காய்க்கும்வரை தாக்குப்பிடிக்க ஒரு கூரை இருந்தது. மாஞ்சோலையில் நான்கைந்து தலைமுறை வாழ்ந்தவர்களிடம் ஒரு சென்ட் கிடையாது. தென்கரைக் குத்தகைக்காரரும் சிறுமலையிலிருந்து இறங்கிப்போன கூலிகளும் இவர்களோடு சேர்ந்த ஆட்கள்தான். எந்தப் பயிர், எப்படி முடிந்தது என்பதைவிட, முடிந்த அன்றைக்கு யார் பெயரில் பட்டா இருந்தது என்பதுதான் எல்லா இடத்திலும் மிச்சத்தைத் தீர்மானித்திருக்கிறது.

நண்பருக்குத் தெரிந்த ஒரு மாஞ்சோலைக் குடும்பம் இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் வாடகைக்கு இருக்கிறது. கணவன் மனைவி இருவருக்கும் எஸ்டேட் வேலை அத்துபடி. "சிறுமலையில வேலை இருக்கான்னு கேளேன்" என்றார்.

நேற்றைய தோட்டக்காரருக்கு அங்கேயே போன் போட்டேன். "ஆள் வேணும்ணே, நாளைக்கே வரச் சொல்லுங்க. கவாத்து தெரிஞ்ச ஆளுன்னா கூலி கூடவே போட்டுத் தரேன்" என்றார் உற்சாகமாக. தங்க இடம் கேட்டேன். "அதுதாண்ணே இல்ல. இருந்த கொட்டாயெல்லாம் காட்டேஜுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. கீழ இருந்து பஸ்ல வந்துட்டுப் போகணும்."

நண்பர் அம்பாசமுத்திரத்துக்குப் பேசினார். அந்தக் குடும்பத்தினர் கூலி எவ்வளவு என்று கேட்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு ரூம் வாடகை என்ன, அட்வான்ஸ் எத்தனை மாதம் கேட்பார்கள் என்று கேட்டார்களாம். நாகல்நகர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.